விபத்து: இந்தச் சொல்லுக்குள் 'எதிர்பாராதது' எங்கே இருக்கிறது?

பிழைதிருத்தி (கேள்வி)

'எதிர்பாராத விபத்து' என்று எழுதினால் கூறியது கூறல் என்று அடித்துவிடுகிறார்கள். விபத்து என்றாலே எதிர்பாராததுதானே, எதிர்பார்த்து யாராவது விபத்தில் சிக்குவார்களா என்பது வாதம். 'தற்செயலான விபத்து' என்பதற்கும் இதே கதி. இது சரிதானா என்று பார்க்க, சொல்லின் மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும் போலிருக்கிறது. என் சந்தேகங்கள்:

விபத்து எங்கிருந்து வந்தது? கிரந்த எழுத்து ஒன்றும் இல்லை, பத்து, முத்து, கொத்து போலவே ஒலிக்கிறது. 'விழு' என்ற வினையோடு உறவு உண்டா?

ஆபத்துக்கும் விபத்துக்கும் சரியான வேறுபாடு என்ன?

தற்செயல், அகஸ்மாத்து, எதேச்சை, அசம்பாவிதம், விபரீதம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுகிறார்களே, அப்படிச் செய்யலாமா?

தெலுங்கில் 'பிரமாதம்' என்றால் விபத்து. நமக்கு அது 'அருமை'. இரண்டும் ஒரே சொல்லா?

அகராதிப் பொருளை எடுத்துப் போட்டால் போதாது. எந்த வாக்கியத்தில் எது நிற்கும், எது விழும், ஏன் என்று சொல்லுங்கள்.

---

வேர்ப்பிடி

முதல் கேள்வியை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன், அது தெளிந்தால் மற்றது பாதி தெளியும்.

மூலம் சமஸ்கிருதம். அடி 'பத்': நடத்தல், அடி வைத்தல், விழுதல். பாதமும் பதமும் இதே அடியில் பிறந்தவை. முன்னொட்டு 'வி': விலகி, பிரிந்து, மாறாக. இரண்டும் சேர்ந்து 'விபத்'. உடைத்துத் தமிழில் சொன்னால் அடி பிசகுதல், தடம் விலகிப் போதல். சமஸ்கிருதத்தில் அதற்குப் பொருள் துன்பம், கெடுதி, நாசம், சாவு. அதன் எச்ச வடிவமான 'விபன்ன' என்பதற்குக் கெட்டுப்போன, செத்துப்போன என்று பொருள்.

கவனியுங்கள், இதில் 'எதிர்பாராமல்' என்ற கருத்து எங்குமே இல்லை. 'யார் மேலும் குற்றமில்லை' என்பதும் இல்லை. கெட்டது நடந்தது, அவ்வளவுதான். எதிர்பார்த்த கெடுதியும் பழைய பொருளில் விபத்துதான்.

முன்னொட்டை மாற்றிப் பார்த்தால் குடும்பம் முழுக்கத் தெரியும். 'சம்' போட்டால் சம்பத்து: எல்லாம் கூடி வருதல், அதனால் செல்வம். 'ஆ' போட்டால் ஆபத்து: மேலே வந்து சேர்வது. 'உத்' போட்டால் உற்பத்தி: எழுந்து வருதல். 'பிர' போட்டால் பிரபத்தி, வைணவத்தில் சரணாகதிக்கு வழங்கும் சொல். சம்பாதி, சம்பாத்தியம் இரண்டும் சம்பத்தின் பக்கத்து வீடு. ஆக, விபத்தின் நேர் எதிர்ச்சொல் பாதுகாப்பு அல்ல, சம்பத்து. கூடி வந்தால் சம்பத்து, கலைந்து போனால் விபத்து.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. உற்பாதம் (தீக்குறி), சன்னிபாதம் இவற்றையும் இதே குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். கூடாது. அவற்றின் அடி வேறு: பறத்தல், விழுதல் என்ற பொருளுடைய இன்னொரு 'பத்'. சமஸ்கிருதத்தில் முன்னதன் தகரம் ஒலிப்புடையது (d), பின்னதன் தகரம் ஒலிப்பில்லாதது (t). தமிழில் இரண்டுக்கும் ஒரே 'த்' என்பதால் எழுத்தில் வேறுபாடு மறைந்துவிடுகிறது. (சன்னி கண்டது என்கிறோமே, அந்தச் சன்னி சன்னிபாதத்தின் சுருக்கம். வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களும் ஒருசேர விழுவது என்பது அதன் பொருள்.)

இனி 'து' எப்படி வந்தது? தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் ஆகிய 11 மெய்களே ஈற்றில் நிற்கும் என்பது இலக்கணம். 'விபத்' என்று நிறுத்த நம் நாக்கு இடம் தராது, அதனால் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. சம்பத்து, ஆபத்து, பரிஷத்து எல்லாம் இப்படித்தான். ஒட்டிய பிறகு அது வன்றொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்க்குப் பின் குறுகி ஒலிக்கும் உகரம்) ஆகிவிடுவதால் பத்து, முத்து வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பகரமும் நம் வழக்கப்படி உயிர்களுக்கு நடுவில் மெலிந்து ஒலிக்கிறது. இவ்வளவு செரித்த சொல் வேற்றுச்சொல்லாகத் தெரியாததில் வியப்பில்லை.

'விழு' தொடர்பு: இல்லை. ழகரம் பகரமாவதற்குத் தமிழில் வழி கிடையாது. ஒலி ஒத்துப்போனாலும்கூட அது சான்றாகாது, ஏனென்றால் ஆபத்தையும் சம்பத்தையும் 'விழு'வால் விளக்க முடியாது. ஒரு சொல்லுக்கு மூலம் சொல்கிறவர், அதே அச்சில் வார்த்த மற்றச் சொற்களுக்கும் அதே விளக்கம் பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். பாதிப் போலி வேர்கள் அந்த ஒரு சோதனையிலேயே உதிர்ந்துவிடும்.

இன்னொன்று: ஆங்கிலத்தின் 'ஆக்சிடென்ட்' லத்தீனில் 'மேலே விழுதல்' என்பதிலிருந்து வந்தது. கருத்து நம் ஆபத்தோடும் விபத்தோடும் உரசுகிறது, ஆனால் வேர் வேறு. கருத்து ஒத்தால் வேரும் ஒன்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

---

ஆயில்யம்

வேர்ப்பிடி சொன்ன சம்பத்து/விபத்து இணையைப் பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். தாராபலம் (ஒருவருக்கு அந்த நாள் நல்லதா என்ற நட்சத்திரக் கணக்கு) பார்க்கும்போது ஜன்ம நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை, இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். 9-க்கு மேல் போனால் 9 ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். மீதி 1 என்றால் ஜன்மம், 2 சம்பத்து, 3 விபத்து, 4 க்ஷேமம் என்று 9 தாரைகள்.

அசுவினியில் பிறந்தவருக்கு 2-வது பரணி, சம்பத்து தாரை. 3-வது கார்த்திகை, விபத்து தாரை. 12-வது உத்திரமும் 21-வது உத்திராடமும் அப்படியே விபத்து தாரைதான், இரண்டையும் 9 ஆல் வகுத்தால் மீதி 3.

நம்புகிறோமா இல்லையா என்பதை விடுங்கள். சொல்லைப் பாருங்கள். எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே எண்ணி எழுதி வைக்கிற ஒன்றுக்கு 'விபத்து' என்று பெயர். இங்கே எதிர்பாராமைக்கு இடமே இல்லை. 'விபத்து தாரை' என்பதைப் பார்த்துவிட்டு 'இன்றைக்கு வண்டி ஓட்டினால் அடிபடும்' என்று பொருள் சொல்கிறவர்கள் இந்தக் காலப் பொருளை அந்தக் காலச் சொல்லில் ஏற்றுகிறார்கள். அங்கே அதற்குக் 'கெடுதி, காரியம் கைகூடாமை' என்று மட்டுமே பொருள்.

---

ஒற்றெழுத்து

ஆபத்தா விபத்தா என்பதற்குச் சுருக்கமான சோதனை: பக்கத்தில் வரும் வினையைப் பாருங்கள்.

'ஆபத்து இருக்கிறது' சரி, 'விபத்து இருக்கிறது' நிற்காது. 'விபத்து நடந்தது' சரி, 'ஆபத்து நடந்தது' நிற்காது. 'ஆபத்தான வளைவு' உண்டு, 'விபத்தான வளைவு' கிடையாது. 'உயிருக்கு ஆபத்து' உண்டு, 'உயிருக்கு விபத்து' கிடையாது. ஆபத்து ஒரு நிலை: நீளும், சூழும், நீங்கும். விபத்து ஒரு நிகழ்ச்சி: அதற்கு நாள் உண்டு, நேரம் உண்டு, இடம் உண்டு, எண்ணவும் முடியும். 'மூன்று விபத்துகள்' இயல்பாக வரும். 'மூன்று ஆபத்துகள்' என்றால் மூன்று வகையான ஆபத்து என்றுதான் காது எடுத்துக்கொள்ளும்.

'நேர்ந்தது', 'வந்தது' இரண்டுக்கும் பொது. 'சிக்கினான்' என்பதும் பொது, ஆனால் பொருள் மாறும். ஆபத்தில் சிக்கியவனை இன்னும் மீட்கலாம். விபத்தில் சிக்கியவனுக்கு நடந்தது நடந்துவிட்டது.

ஒற்றும் சொல்லிவிடுகிறேன், இதில் பிழை மலிவு. வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால் க, ச, த, ப முன் வலி (வல்லின ஒற்று) மிகும்: விபத்துக் காப்பீடு, விபத்துச் செய்தி, விபத்துத் தடுப்பு, விபத்துப் பகுதி. உயிர் வந்தால் உகரம் கெடும்: விபத்தில்லாப் பயணம். எழுவாயாக நின்று வினையோடு சேரும்போது மிகாது: 'விபத்து தடுக்கப்பட்டது', 'விபத்து பெரிது'. பன்மையில் விபத்துகள் போதும். 'விபத்துக்கள்' என்று எழுதுவோரும் உண்டு, வாழ்த்துகள்/வாழ்த்துக்கள் சண்டையின் இன்னொரு கிளை அது, அதை இங்கே திறக்க வேண்டாம்.

---

அக்கம்பக்கம்

பிரமாதத்துக்கு வருகிறேன். ஆம், ஒரே சொல்தான்.

சமஸ்கிருதத்தில் 'பிரமாத' என்றால் கவனக்குறைவு, அசட்டை. அடி 'மத்': மயங்குதல், வெறித்தல். மதம் பிடித்தது என்கிறோமே, அதே அடி. மயங்கி இருந்ததால் வந்த தவறு பிரமாதம். தெலுங்கு அந்தத் தவறின் விளைவைப் பிடித்துக்கொண்டது, அதனால் அங்கே சாலை விபத்து என்பது 'ரோட்டு பிரமாதம்'. தமிழிலும் தவறு, ஆபத்து என்ற பொருள்கள் முன்பு இருந்தன. ஆபத்தானது என்றால் பெரிய விஷயம், லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாதது. அங்கிருந்து 'பெரிய' என்ற பொருள் மட்டும் தனியே கழன்று வந்தது. 'இது என்ன பிரமாதம்!', 'அதொன்றும் பிரமாதமில்லை' என்று சொல்லும்போது இந்த இடைப்படி இன்னும் தெரிகிறது. அங்கே 'அருமை' என்ற பொருள் இல்லை, 'பெரிய காரியம்' என்பதே பொருள். அடுத்த படியில் 'பெரிய' என்பது 'சிறந்த' ஆகி, சாப்பாடு பிரமாதம், பாட்டு பிரமாதம் என்றாயிற்று. 'பயங்கரமா இருக்கு' என்று இப்போது பாராட்டுகிறோமே, அதே வழி.

விபத்து என்ற சொல் பக்கத்து மொழிகளில் என்ன ஆயிற்று என்றும் பாருங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'விபத்து' பேரிடரைக் குறிக்கிறது, புயல், வெள்ளம் அளவில். பேரிடர் மேலாண்மையை 'விபத்து நிர்வஹண' என்பார்கள். வண்டி மோதுவதற்குக் கன்னடத்தில் 'அபகாத', மலையாளத்தில் 'அபகடம்'. மராத்தியிலும் 'அபகாத்'தான். இந்தியில் 'துர்கடனா', கெட்ட நிகழ்ச்சி. அங்கே 'விபத்தி' என்றால் பெருந்துன்பம். வங்காளத்தில் 'பிபத்' என்றால் ஆபத்து. சிங்களத்தில் 'விபத' பேரிடர், 'அனதுர' விபத்து.

ஆக, இந்தச் சொல்லை வண்டி மோதல், தீப்பற்றுதல், கட்டடம் சரிதல் அளவுக்குச் சிறிதாக்கி அன்றாடச் சொல்லாக வைத்திருப்பது தமிழ்தான். பெரிய அளவுக்கு நாம் வேறு சொல் தேடிக்கொண்டோம்: தமிழ்நாட்டில் பேரிடர், இலங்கையில் அனர்த்தம். அங்கே துறையின் பெயரே அனர்த்த முகாமைத்துவம். தெலுங்கு, கன்னடச் செய்திகளை மொழிபெயர்க்கிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எழுத்தைப் பார்த்து 'விபத்து' என்றே விட்டுவிட்டால் புயல் நிவாரணச் செய்தி சாலை விபத்துச் செய்தியாகிவிடும்.

---

பிழைதிருத்தி

நன்றி, மூலம் விளங்கிவிட்டது. ஆனால் ஒரு மறுப்பு. மூலத்தில் இல்லாவிட்டால் என்ன? இன்றைய வழக்கில் விபத்து என்றால் எதிர்பாராதது, வேண்டுமென்றே செய்யாதது என்றுதானே எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம்? 'கொலையா, விபத்தா?' என்று கேட்கும்போது அந்தப் பொருள்தானே வேலை செய்கிறது? வேரைக் காட்டி இன்றைய பொருளை மறுக்க முடியுமா?

---

சட்டத்தமிழ்

முடியாது. நீங்கள் சொல்வது சரி. ஆனால் இன்றைய வழக்கிலும் அது ஒரே பொருள் இல்லை, இரண்டு பொருள். அதைப் பிரித்துவிட்டால் உங்கள் 'கூறியது கூறல்' தகராறும் தீரும்.

முதல் பொருள்: சேதம் விளைவித்த நிகழ்ச்சி, யார் தவறு என்ற கேள்வி திறந்தே இருக்கும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்ற பெயரில் உள்ள விபத்து இதுதான். அங்கே வருகிற வழக்குகளில் பெரும்பாலும் ஒரு தரப்பின் கவனக்குறைவைத்தான் நிரூபிக்க முயல்கிறார்கள். கவனக்குறைவு நிரூபணமானாலும் அது விபத்து என்ற பெயரை இழப்பதில்லை.

இரண்டாவது பொருள்: யாரும் கருதாமல், தவறும் செய்யாமல் நடந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 80-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 18-வது பிரிவு, இதைத்தான் சொல்கிறது. சட்டபூர்வமான ஒரு செயலை, சட்டபூர்வமான முறையில், சட்டபூர்வமான வழிகளில், உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும், குற்றக் கருத்தோ அறிவோ இல்லாமல் செய்யும்போது தற்செயலாகவோ துரதிர்ஷ்டத்தாலோ விளைந்தது குற்றமாகாது. ஒரு நிபந்தனை குறைந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உரிய கவனம் இல்லாமல் சாவு நேர்ந்தால் அது 106-வது பிரிவுக்குப் போகும். பழைய சட்டத்தில் 304-ஏ. புதிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதற்கு முந்தைய சம்பவங்களுக்குப் பழைய எண்களே.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஆக்சிடென்ட்' ஒன்றே. அதனால் அங்கே பெரிய சண்டையே உண்டு. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-ல் அந்தச் சொல்லையே தன் பக்கங்களில் வேண்டாம் என்று அறிவித்தது. பெரும்பாலான காயங்கள் முன்கூட்டியே கணிக்கவும் தடுக்கவும் கூடியவை, அவற்றை ஏதோ தலைவிதிபோல் காட்டுகிறது என்பது காரணம். நமக்கு அந்தச் சங்கடம் பாதிதான். முதல் பொருளுக்கு விபத்து, இரண்டாவதுக்குத் தற்செயல் என்று இரண்டு சொல் கையில் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் விபத்து என்றே போட்டு அந்த வசதியை நாமேதான் கெடுத்துக்கொள்கிறோம்.

எனவே, 'எதிர்பாராத விபத்து' இலக்கணப் பிழை இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிற அடைமொழி, எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது. 'தற்செயலான விபத்து' வேறு கதை. அது ஒரு முடிவைச் சொல்கிறது: யார் மேலும் தவறில்லை என்கிறது. விசாரணை முடிந்து அப்படித் தெரிந்தால் எழுதலாம். விசாரணை நடக்கும்போதே எழுதினால், நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். முன்னதை வீண்சொல் என்று அடியுங்கள், பின்னதை ஆதாரம் கேட்டு நிறுத்துங்கள்.

'திட்டமிட்ட விபத்து' என்பதுதான் உண்மையில் தன்னையே மறுக்கும் தொடர். 'விபத்துபோல் சோடிக்கப்பட்ட' என்று எழுத வேண்டும்.

---

வேர்ப்பிடி

மூன்றாவது கேள்வி இன்னும் யாரும் தொடவில்லை. அங்கேதான் சுவையே இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகஸ்மாத்து: 'கஸ்மாத்' என்றால் 'எதிலிருந்து, எதனால்'. முன்னால் 'அ' எதிர்மறை. 'எதனால் என்று இல்லாமல்'. கேட்கிற கேள்வியையே மறுத்து உண்டாக்கிய சொல். காரணம் தெரியாமல் திடுமென நடப்பதற்குப் பொருத்தமாக இதைவிடச் சுருக்கமாக ஒரு சொல்லை யாரும் செய்திருக்க முடியாது. கன்னடத்திலும் மலையாளத்திலும் 'ஆகஸ்மிக' இன்றும் புழங்குகிறது. நம்மிடம் அகஸ்மாத்தாக என்பது பழைய நெடியோடு நிற்கிறது.

தற்செயல்: தன் + செயல். பொன் + குடம் பொற்குடம் ஆவதுபோல் னகரம் றகரமானது. தற்காப்பு, தற்பெருமை, தற்கொலை எல்லாவற்றிலும் 'தன்' ஆளைக் குறிக்கும். தற்செயலில் மட்டும் அது ஆளைக் குறிக்காது, நிகழ்ச்சியையே குறிக்கும்: யாரும் செய்யாமல் தானே செயலானது. 'தானாக நடந்தது' என்று பேச்சில் சொல்வதன் எழுத்து வடிவம். புதிதாகத் தமிழ் படிப்பவர்கள் 'தன்னுடைய செயல்', அதாவது வேண்டுமென்றே செய்தது என்று தலைகீழாக எடுத்துக்கொள்வது இதனால்தான்.

எதேச்சை: இதில்தான் பெரிய குழப்பம். 'யதா + இச்சா', இச்சைப்படி, விருப்பம்போல். எதேச்சாதிகாரம் என்பதில் அந்தப் பொருள் பிசகாமல் இருக்கிறது: ஒருவர் தன் இஷ்டப்படி நடத்தும் அதிகாரம். ஆனால் 'எதேச்சையாகச் சந்தித்தோம்' என்றால் விருப்பம் இல்லாமல், தற்செயலாக. ஒரே சொல் முழு விருப்பத்தையும் விருப்பமின்மையையும் குறிக்கிறது! சமஸ்கிருதத்தில் தற்செயலுக்கு உரிய சொல் 'யத்ருச்சா', எது வந்து நேர்கிறதோ அது. கீதை 4.22-ல் 'யத்ருச்சா லாப சந்துஷ்ட' என்று வருவது இதுதான்: தானாக வந்ததில் திருப்தி கொள்பவன். மலையாளத்தில் 'யாத்ருச்சிகம்' என்று இன்றும் தனியாக இருக்கிறது. தமிழில் இரண்டும் ஒலியில் நெருங்கி, ஒன்றின் பொருள் மற்றதன் உருவத்தில் புகுந்துவிட்டது என்பதே என் கணிப்பு. அதனால் 'எதேச்சையாக'வைத் தவறு என்று திருத்த வேண்டியதில்லை, வழக்கு நிலைத்துவிட்டது. ஆனால் துல்லியம் வேண்டிய இடத்தில் வைக்காதீர்கள்.

அசம்பாவிதம்: நேர்ப்பொருள் 'நடக்க வாய்ப்பில்லாதது, நினைத்துப் பார்க்க முடியாதது'. 'அசம்பாவிதம் நடக்காமல் தடுக்க பலத்த பாதுகாப்பு' என்று வாரம் தவறாமல் படிக்கிறோம். நடக்கவே முடியாததைத் தடுக்க எதற்குப் பாதுகாப்பு என்று கேட்கக் கூடாது. 'நடக்கக் கூடாதது' என்று பொருள் நகர்ந்துவிட்டது. வன்முறை, மோதல், நெரிசல் என்று பெயர் சொல்ல விரும்பாதபோது போடும் திரைச்சொல் இது. நடந்து முடிந்த பிறகு இதைப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம். என்ன நடந்தது என்று தெரியும்போது அதையே எழுதலாமே.

விபரீதம்: 'வி' இருப்பதால் விபத்தின் தம்பி என்று நினைக்கலாம். அடி வேறு. 'வி + பரி + இத', புரண்டு போனது, தலைகீழானது. ஒன்றைச் செய்யப் போய் அதற்கு எதிரானது விளைந்தால்தான் விபரீதம். விளையாட்டு வினையாவது விபரீதம். மேலிருந்து ஓடு விழுந்தால் அது விபத்து.

இன்னொரு வகையை மேலே பட்டியலில் விட்டுவிட்டீர்கள்: இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் பொருந்திவிடுவது. இதில் கெடுதியும் இல்லை, காரணமும் இல்லை. இதற்குத் தமிழில் தனிச்சொல் பிறக்கவில்லை, பழமொழி பிறந்தது: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. சமஸ்கிருதத்தில் இதுவே காகதாலீய நியாயம். நம் ஆள் 'தற்செயல் ஒற்றுமை' என்று எழுதித் திணறுகிற இடத்தில் 'காக்கையும் பனம்பழமும்' என்றால் கேட்பவர் உடனே தலையாட்டுவார்.

---

குறிஞ்சித்தேன்

தனித்தமிழில் விபத்துக்கு 'நேர்ச்சி' என்று எழுதுகிறார்களே, அதைச் சேர்க்கவில்லையே. பழைய சொற்களில் இடர், இடுக்கண், இடும்பை, ஊறு, ஏதம், அல்லல் என்று எத்தனை! வடசொல் எதற்கு?

---

ஒற்றெழுத்து

குறிஞ்சித்தேன், அந்தச் சொற்கள் எல்லாம் துன்ப நிலையைச் சொல்கின்றன, நிகழ்ச்சியை அல்ல. 'இடுக்கண் வருங்கால்' சரி. 'நெடுஞ்சாலையில் இரண்டு இடுக்கண்கள் நடந்தன' என்று எழுதிப் பாருங்கள். ஆபத்து/விபத்து சோதனையில் இவை ஆபத்தின் பக்கம் விழும். நேர்ச்சியில் நிகழ்ச்சி இருக்கிறது, கெடுதி இல்லை. நேர்வது எல்லாம் நேர்ச்சிதான். எழுதுகிறவர் எழுதட்டும், முதல் முறை வரும் இடத்தில் சூழல் பொருளைக் காட்டிக்கொடுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்பாராமைக்குப் பழந்தமிழில் நல்ல தொடர் வேண்டுமென்றால் 429-வது குறள்: 'எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்'. 'அதிர வருவது' என்றால் நடுங்கும்படி வருவது. எதிர வருவதை முன்பே பார்த்தவனுக்கு அதிர வருவது இல்லை. ஓரெழுத்து மாறியதில் எதிர்பார்த்தலும் அதிர்ச்சியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கெடுதி வேறு, அது முன்னறியாமல் வருவது வேறு என்று அங்கேயே பிரித்து வைத்தாயிற்று.

---

பிழைதிருத்தி

இப்போது சில வாக்கியங்கள். யாராவது சரிபார்த்துத் தாருங்கள்.

(அ) 'ஆலையில் ஏற்பட்ட ஆபத்தில் இருவர் காயம்.'
(ஆ) 'சிக்னலைத் தாண்டி வந்த லாரி தற்செயலாகப் பேருந்து மீது மோதியது.'
(இ) 'எதேச்சையாகத் தேர்ந்தெடுத்த நூறு மாதிரிகள் சோதிக்கப்பட்டன.'
(ஈ) 'எதிர்பாராத விதமாக விபத்துக்குள்ளானது.'
(உ) 'விளையாட்டாகப் பூட்டிய அறையில் மூச்சுத் திணறி நேர்ந்த விபரீதம்.'

---

வேர்ப்பிடி

(அ) விபத்தில். நடந்து முடிந்தது, காயமும் ஆகிவிட்டது.

(ஆ) தற்செயலாக என்பதை எடுங்கள். சிக்னலைத் தாண்டினது என்று நீங்களே எழுதிவிட்டு அடுத்த சொல்லில் ஓட்டுநரை விடுவிக்கிறீர்கள். 'மோதியது' போதும்.

(இ) இதுதான் ஐந்திலும் ஆபத்தானது. புள்ளியியலில் ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி எடுத்தது வேறு, கைக்கு வந்ததை இஷ்டம்போல் எடுத்தது வேறு. எதேச்சை என்றால் இரண்டாவதாகவும் படிக்கலாம், அப்படிப் படித்தால் ஆய்வே செல்லாது. தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் 'சமவாய்ப்பு முறையில்', இலங்கையில் 'எழுமாற்றாக'.

(ஈ) 'விபத்துக்குள்ளானது' மட்டும் போதும், சட்டத்தமிழ் சொன்ன காரணம்தான்.

(உ) அப்படியே இருக்கட்டும். விளையாட்டு வினையாயிற்று, அந்தச் சொல்லுக்கு உரிய இடமே அதுதான்.

---

ஒற்றெழுத்து

(உ)-வில் 'மூச்சுத் திணறி' சரியாகவே இருக்கிறது, யாரும் அந்த 'த்'தை எடுத்துவிடாதீர்கள். மேலே சட்டத்தமிழ் எழுதிய 'விபத்துபோல்' என்பதிலும் ஒற்று வேண்டாம், 'போல்' உவம உருபு, அதன் முன் வலி மிகாது. விபத்துப்போல் என்று திருத்தக் கை பரபரப்பவர்களுக்காக முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.